பதினைந்தாவது செடி

சங்குப்பூவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கவலையில்லை. விதையைக் கையில் வாங்கி உருட்டினாலே அது முளைக்குமா, முளைக்காமல் அடம் பிடிக்குமா என்று சொல்லிவிடுவேன். அதன் தோல் அப்படி ஒரு கல். உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, தண்ணீரில் ஊறப்போட்டால்தான் வழிக்கு வரும். "வேலியில விட்டா அதுவா வளரும், இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்காத ஆளில்லை. அதுவாக வளர்வது வேறு, நாம் சொன்னபடி வளர்வது வேறு. சொன்னபடி வளர வைக்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என் நாற்றுப் பண்ணையின் பின்வேலியில் ஒரே ஒரு செடி வித்தியாசமாகப் பூத்தது. அடுக்கடுக்கான இதழ், நடுவெல்லாம் பால் வெள்ளை, ஓரத்தில் மட்டும் துணிக்குக் கரை போட்டது மாதிரி நீலம். பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அதன் விதையை எடுத்து நட்டால் பாதிக்கு மேல் முழு நீலமாக வந்து பல்லைக் காட்டியது. கரை வைத்துப் பூத்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தேன். மறுபடி நட்டேன், மறுபடி கழித்தேன். கடைசி இரண்டு வருஷமாக ஒரு பூகூடத் தவறவில்லை. நட்டதெல்லாம் வெள்ளை, ஓரமெல்லாம் நீலம். அதற்கு 'நீலக்கரை' என்று நானே பேர் வைத்தேன்.

பேர் நான் வைத்தால் போதுமா? விதைப் பதிவு அலுவலகத்துப் பரிசோதகர் வந்து பார்த்து, 'இது தனி ரகம்தான், உன்னுடையதுதான்' என்று எழுதினால்தான் அது என்னுடையது. அதற்கு இருநூறு விதை விதைத்து, பூக்கும் சமயத்தில் காட்ட வேண்டும். நூற்று எண்பத்தைந்து செடிக்குக் குறையக் கூடாது. வேண்டாத செடியை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்ளலாம், அது நம் இஷ்டம். ஆனால் பரிசோதனை நாளன்று வேறு மாதிரி ஒரு பூ கண்ணில் பட்டாலும் தள்ளுபடி. தள்ளுபடியான ரகத்தை ஐந்து வருஷத்துக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது. எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்றில் என் முழங்கால் என்ன சொல்லுமோ, கண் என்ன சொல்லுமோ, யாருக்குத் தெரியும்?

இந்த விதிகளெல்லாம் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமாக வந்திருந்தன. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டேன். பூ பேசப்போகிறது, புத்தகம் எதற்கு? அதை எடுத்துப் பன்னிரண்டு பக்கமும் படித்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். கோபம் வந்தால் எனக்கும் டிரைவர்தான். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியும் அவருக்கு இரண்டு பழக்கம் போகவில்லை. ஒன்று, காலி சீட்டைக் கண்டால் பொறுக்காது. டாக்டர் வீட்டு வரவேற்பறையில்கூடப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் என் பையையாவது எடுத்து அதில் உட்கார வைத்துவிடுவார். இன்னொன்று, எங்கே புறப்பட்டாலும் தலை எண்ணுவார். நானும் அவரும் மட்டும் கடைக்குப் போனால்கூடக் கதவைப் பூட்டுவதற்கு முன் விரலை நீட்டி, "ஒன்னு, ரெண்டு. எண்ணிக்கை சரி. போலாம்" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ரெண்டு பேரை எண்ணுறதுக்கு ஒரு ஆளா?" என்பேன். சிரிப்பார்.

ஓய்வுக்குப் பிறகு பண்ணைக்கு வந்து நிற்பார். "நான் என்ன செய்யட்டும் மேடம்?" என்று கேட்பார். கிண்டலுக்கு மேடம் என்பாரே தவிர, கேள்வி உண்மையான கேள்விதான்.

"எதையும் தொடாம இருங்க, அது போதும்" என்பேன்.

இதைத்தான் நான் ஆறு மாதமும் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே பிடிக்கவில்லை.

விதைக்கிற அன்று அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வரிசை, வரிசைக்கு இருபது. ஒவ்வொரு விதையையும் வெல்லத் தண்ணீரில் நனைத்து, கறுப்புப் பொடியில் புரட்டி, நேராக மண்ணில் போட்டேன். அந்தப் பொடி வெறும் பொடியல்ல, அதில் உயிர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர் சங்குச் செடியின் வேரில் போய் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன முடிச்சாகக் குடியேறும். காற்றில் இருக்கிற சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். அவரை, பட்டாணி, சங்கு எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் இந்தக் கொடுப்பினை உண்டு. பொடி தடவி விதைத்தால் தண்டுக்கு நேர் கீழே, வேரின் கழுத்திலேயே முடிச்சு கொத்தாக இருக்கும்.

"எதுக்கும்மா பவுடர் போட்டு அனுப்புற?" என்று கேட்டார்.

"போட்டாத்தான் பொழைக்கும். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

அவ்வளவுதான் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த விவசாயம்.

முளைத்து இரண்டு இலை விட்ட நேரத்தில் என் அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பத்து நாள் அங்கே போய்த் தங்கவேண்டியதாயிற்று. "தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும்..." என்று ஆரம்பித்தேன். "தொட மாட்டேன், தொட மாட்டேன்" என்றார். திரும்பி வந்து பார்த்தால் பத்து வரிசையும் இடைவெளியில்லாமல் பச்சைப்பசேல் என்று நின்றது. நத்தை ஒன்றிரண்டைத் தின்றிருக்கும் என்று பயந்துகொண்டு வந்தேன், இருநூறும் இருந்தது. "பரவாயில்லையே டிரைவரே!" என்று நானே பாராட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஏழு வாரத்தில் பூக்கத் தொடங்கியது. கம்பி வலையில் ஏறின கொடியெல்லாம் காலை ஆறரைக்குக் கண் திறக்கும். வெள்ளை, ஓரத்தில் நீலம். தினமும் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு வந்து டீ குடித்தால் அந்த டீக்கே தனி ருசி. நூற்றைம்பது செடி பூத்தாயிற்று. ஒன்றுகூடத் தப்பில்லை.

பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நாலாவது வரிசையில் அது பூத்திருந்தது. முழு நீலம். கரையும் இல்லை, வெள்ளையும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி அடுக்கடுக்காக விரிந்திருந்தது.

தேனீ கலந்துவிட்டது என்று சாக்குச் சொல்லக்கூட முடியாது. சங்குப்பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து வேலை முடிந்துவிடும். போதாததற்குப் போன வருஷம் விதைக்கு விட்ட ஒவ்வொரு மொட்டுக்கும் துணிப்பை கட்டினவள் நான். அப்படியானால் தப்பு வெளியிலிருந்து வரவில்லை. விதைக்குள்ளேயே இருக்கிறது. ஏழு வருஷம் கழித்தும் கழியாத நீலம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. பூவைக் கிள்ளி ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை ஏழாவது வரிசையில் இன்னொன்று.

ஒன்று என்றால் விபத்து. இரண்டு என்றால் என் ரகமே பொய். இன்னும் பூக்காத நாற்பத்தெட்டில் எத்தனை நீலம் வரப்போகிறதோ! தள்ளுபடி வாங்கி ஐந்து வருஷம் காத்திருப்பதைவிட, நானே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அடுத்த வருஷமே மறுபடி கொடுக்கலாமோ என்று ஒரு நப்பாசை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். 'நாலாவது, ஏழாவது வரிசைகளில் முழு நீலம் பூத்துவிட்டது. என் ரகம் இன்னும் நிலைபெறவில்லை எனத் தெரிகிறது' என்று எழுதும்போது எழுத்து தெரியவில்லை. நான் அழுகிறவள் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

டிரைவர் வந்து எதிரில் நின்றார். கடிதத்தைத் தலைகீழாகவே படித்தார்.

"இதை அனுப்பாத" என்றார்.

"உங்களுக்கு ஒன்னும் தெரியாது. சும்மா இருங்க."

"தெரியும். அந்தச் செடிங்க உன்னோடது இல்ல. நான் நட்டது."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீ அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப நத்தை பதினஞ்சைத் தின்னுடுச்சு. புத்தகத்துல பார்த்தேன், நூத்தியெண்பத்தஞ்சுக்குக் குறையக் கூடாதுன்னு போட்டிருந்தான். எண்ணிப் பார்த்தா மிச்சம் கரெக்டா நூத்தியெண்பத்தஞ்சு. இன்னும் ஒன்னு போனா உன் வேலை மொத்தமும் போச்சு. அதான், தொட்டிக்குப் பின்னால ஒரு டிரேயில அதே மாதிரி நாத்து இருந்துச்சா... பதினஞ்சு எடுத்து நிரப்பிட்டேன்."

"தொட்டிக்குப் பின்னாலயா?"

"ஆமா. அதே இலை, அதே உயரம்."

அது கழிவு டிரே. பழைய வருஷங்களில் முழு நீலமாகப் போன செடிகளின் விதை. யாராவது வேலிக்குக் கேட்டால் கொடுக்கலாம் என்று தேங்காய் நார்த்தூளில் முளைக்கப் போட்டிருந்தேன். இலையைப் பார்த்து என் செடி எது, கழிவு எது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

அப்புறம் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வாய்க்கு வந்தபடி பேசினேன். காலி சீட்டை நிரப்ப இது என்ன பஸ்ஸா, வழியில் நிற்கிற எவனையும் ஏற்றிக்கொள்வீர்களா, ஏழு வருஷத்தை ஒரு மத்தியானத்தில் தொலைத்தீர்களே, எதையும் தொடாதீர்கள் என்று சொன்னேனா இல்லையா என்று வீடு அதிரக் கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது மெதுவாகக் கேட்டார்.

"டிரேயில எழுதி வச்சிருக்கலாமே?"

"எதுக்கு எழுதணும்? எது என்னன்னு எனக்குத் தெரியும்ல!"

"எனக்குத் தெரியாதே" என்றார்.

அந்தப் பண்ணையில் ஒரு டிரேயிலும் ஒரு எழுத்து கிடையாது. எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

கோபம் ஆற ஒரு மணி நேரம் ஆனது. ஆறியதும்தான் மண்டையில் பளிச்சென்று ஏறியது: அப்படியானால் என் விதை பொய்யில்லை! ரகம் சுத்தம். கலந்தது வெறும் பதினைந்து செடி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

"எந்தெந்த இடம்னு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இல்லையே. ஓட்டை எங்கெல்லாம் இருந்துச்சோ அங்கெல்லாம் வச்சேன். ஆனா பதினஞ்சு. அதுல சந்தேகமே வேணாம்."

"இடம் வேணாம். வேர் சொல்லும். ஸ்பூன் எடுங்க."

பொடி தடவி நேராக விதைத்தது என் செடி. அதன் வேரின் கழுத்தில் முடிச்சு இருக்கும். கழிவு டிரேயில் நான் பொடி போடவில்லை, நார்த்தூளில் அந்த உயிரும் கிடையாது. அப்புறம் வயல் மண்ணுக்கு வந்தபின் கீழே பக்கவேரில் நாலு முடிச்சு பிடித்திருக்கலாம், கழுத்து மொட்டையாகத்தான் இருக்கும். முழுதாகப் பிடுங்க வேண்டாம், தண்டோரம் அரை விரல் மண்ணைச் சுரண்டினால் போதும். ஒழுங்காகப் பூத்த நூற்றைம்பதையும் விட்டுவிட்டோம். பூக்காத நாற்பத்தெட்டில்தான் வேலை. மொட்டு வைத்தவைகூடக் கடுகளவுதான் இருந்தன, நிறம் பிடிக்காத பிஞ்சு.

அன்று பிற்பகலும் மறுநாள் காலையும் இரண்டு பேரும் மண்டியிட்டுச் சுரண்டினோம். நான் தண்டைப் பிடித்துக்கொள்வேன், அவர் ஸ்பூனால் மண்ணை விலக்குவார். பஸ் ஸ்டியரிங் பிடித்த கை அது. அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்தில் கொத்துக் கொத்தாக முடிச்சு தெரிந்தால் மூடிவிடுவோம். ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினேன், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. "ரத்தம் மாதிரில்ல இருக்கு!" என்று ஆச்சரியப்பட்டார். மொட்டைக் கழுத்து அகப்பட்டால் பிடுங்கினோம். நாற்பத்தெட்டில் பன்னிரண்டு அகப்பட்டது. நீலம் பூத்த இரண்டையும் சேர்த்துப் பதினாலு.

"இன்னும் ஒன்னு இருக்கு" என்றார்.

"இல்லை. நாப்பத்தெட்டும் பார்த்தாச்சு. மிச்சம் முப்பத்தாறுக்கும் கழுத்துல முடிச்சு இருக்கு. நீங்க பதினாலுதான் நட்டிருப்பீங்க."

"நத்தை தின்னது பதினஞ்சு. டிரேயில குழி பதினஞ்சு காலி."

"டிரேயில ஒன்னு முளைக்காமப் போயிருக்கும். தின்னதுல ஒன்னு மறுபடி துளிர்த்திருக்கும். எனக்கு வேர் தெரியும்ங்க."

"எனக்குத் தலை எண்ணத் தெரியும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஆளை நான் வழியில விட்டுட்டு வந்தது இல்ல."

எனக்கு என் விரல்மேல் நம்பிக்கை. அவருக்கு அவர் எண்ணிக்கைமேல் நம்பிக்கை. விட்டுக்கொடுக்கிற குணம் எனக்குப் பிறவியிலேயே இல்லை. "சரி, விடுங்க" என்று முடித்துவிட்டேன். பிடுங்கின பதினாலையும் உரக்குழியில் போடச் சொன்னேன். அவர் போடவில்லை. வேரைக் கழுவி, ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி, கொட்டகை நிழலில் வைத்துக்கொண்டார். "பஸ்ல கிடைச்ச பொருளை ஷிஃப்டு முடியற வரைக்கும் தூக்கிப் போடக் கூடாது" என்றார். எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளில் மிச்சம் இருந்ததில் முக்கால்வாசி பூத்தது. எல்லாம் நீலக்கரை. ஒவ்வொன்றாகக் காட்டி, "பார்த்தீங்களா டிரைவரே?" என்றேன். "பார்த்தேன் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

பரிசோதனை நாள் காலை. பரிசோதகர் முப்பத்தைந்து வயதுப் பெண், தலையில் தொப்பி, கையில் அட்டை, வாயில் வார்த்தை சிக்கனம். வரிசையில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி ஓட்டைகள். பத்து நாளைக்கு முன்னால் என்றால் எனக்கே கூச்சமாக இருந்திருக்கும். அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடவே நடந்தேன். முதலில் நிற்கிற செடியை எண்ணினார். நூற்று எண்பத்தாறு. அப்புறம் ஒவ்வொரு பூவாகப் பார்த்து அட்டையில் கோடு போட்டார். ஆறாவது வரிசையில் நின்று, "அழகா இருக்கு" என்றார். அந்த அலுவலகத்து ஆட்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒரு அடி வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதாவது வரிசைக் கடைசிச் செடியின் கொடி வலைக்குப் பின்பக்கம் போய்ச் சுற்றியிருந்தது. பரிசோதகர் குனிந்து, இலையை விலக்கி, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் பேனா நின்றது.

"இது என்ன?"

முழு நீலம். அன்று காலைதான் விரிந்திருக்கிறது. அந்தப் பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

ஏழு வருஷமும் அந்த ஒரு பூவில் தொங்குகிறது. பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"பதினஞ்சு."

அந்த நேரத்திலும் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"வேற மாதிரி பூ இருந்தா தள்ளுபடின்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று பரிசோதகர் என்னைக் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒன்பதாம் பக்கம், கடைசிப் பத்தி மேடம்" என்று டிரைவர் முன்னால் வந்தார். "வெளியிலேருந்து கலந்த செடின்னு அந்த இடத்துலயே நிரூபிச்சா ஒரு செடி வரைக்கும் கழிச்சுக்கலாம். எண்ணிக்கை நூத்தியெண்பத்தஞ்சுக்குக் குறையாம இருக்கணும். ஒன்னு கழிச்சா கரெக்டா நூத்தியெண்பத்தஞ்சு."

பரிசோதகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் புத்தகத்தை ஒன்பதாம் பக்கம் வரைக்கும் படிச்ச ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். சரி, நிரூபிங்க."

நத்தை, கழிவு டிரே, பிடுங்கின பதினாலு என்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே மண்டியிட்டு ஸ்பூனால் தண்டோரம் சுரண்டினேன். என் சாட்சி அதுதானே, மொட்டைக் கழுத்து. மண் விலகியது. கழுத்தில் கொத்தாக முடிச்சு!

பரிசோதகரும் பக்கத்தில் குந்தியிருந்தார். விஷயம் தெரிந்தவர். "கழுத்துலயே முடிச்சு இருக்கே. இது நேரா விதைச்ச செடி மாதிரித்தானே இருக்கு?" என்றார்.

இது டிரேச் செடி இல்லையென்றால் என் விதையிலிருந்து வந்த நீலம். எல்லாம் முடிந்தது.

"அது..." என்று டிரைவர் தொண்டையைக் கனைத்தார். திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றார். "அதுக்கு மட்டும் நான் பொடி போட்டேன்."

"என்ன பொடி?" என்றேன்.

"நீ விதைக்கும்போது தடவுனியே, கறுப்பா. போட்டாத்தான் பொழைக்கும்னு சொன்னியே. நாத்தை எல்லாம் நட்டு முடிச்சிட்டு வர்றப்ப ஷெல்ஃபுல அந்த டப்பா கிடந்துச்சு. வெல்லமும் கரைச்சேன். டப்பாவைச் சுரண்டி எடுத்தா ஒரு செடிக்குத்தான் வந்துச்சு. கடைசியா நட்டதுக்குப் போய்த் தடவிவிட்டேன். மத்ததுக்குப் போட முடியலையேன்னு அன்னைக்கெல்லாம் கஷ்டமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீ திட்டுவேன்னு சொல்லல" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். வெளிச்சத்தை மறைக்காதீர்கள் என்று நான் துரத்தின ஆள். நான் பொறுமையில்லாமல் விட்டெறிந்த ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துவைத்திருந்து, காலி டப்பாவைச் சுரண்டி, என் செடி பிழைக்கட்டும் என்று வெல்லம் கரைத்திருக்கிறார்.

"பிடுங்கிப் பார்க்கலாம்" என்றேன் பரிசோதகரிடம். என் குரல் பழையபடி வந்துவிட்டது. "டிரேயில வளர்ந்ததுன்னா வேர் பொய் சொல்லாது."

சுற்றிலும் தோண்டி, வேர் அறுபடாமல் தூக்கினேன். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே ஆணிவேர் கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. மடிப்புக்குள் நார்த்தூள் இன்னும் இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அதற்குள் கொட்டகைக்கு ஓடி வாளியையும் டிரேயையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். பரிசோதகர் வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பதினாலும் அதே இடத்தில், அதே பக்கம் மடங்கியிருந்தன. குழி ஆழமாகத் தோண்டாமல், கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தி நட்ட கை. ஒரு கைக்கு ஒரு கையெழுத்து. பக்கத்தில் நின்ற என் செடி ஒன்றின் ஓரமாகத் தோண்டிக் காட்டினேன். அதன் வேர் ஆணி அடித்தாற்போல் நேராக இறங்கியிருந்தது.

டிரேயின் காலிக் குழிகளைப் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார் பரிசோதகர். பதினைந்து.

"எண்ணிக்கை யார் வச்சது?"

"இவர்தான்" என்றேன். "நான் பதினாலுன்னு சொன்னேன். இவர் பதினஞ்சுன்னாரு. நான் கேக்கல."

பரிசோதகர் பத்தாவது வரிசையையும் முடித்தார். எல்லாம் வெள்ளை, எல்லாம் கரை. கொட்டகை மேஜையில் உட்கார்ந்து, 'கலப்புச் செடி ஒன்று, வெளியிலிருந்து வந்தது, நேரில் நிரூபிக்கப்பட்டது, கழிக்கப்பட்டது. நிற்கும் செடி 185' என்று எழுதினார். அதன் கீழே 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. படிவத்தை என் பக்கம் நகர்த்தி, "ஒருவாட்டி சரிபார்த்துட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

ரகத்தின் பெயர்: நீலக்கரை. உருவாக்கியவர்: என் பெயர். வளர்த்தவர்: அங்கேயும் என் பெயர். இரண்டு மாதத்துக்கு முன்னால் நானே அழுத்தி அழுத்தி எழுதினது.

பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். "வளர்த்தவர்னு ரெண்டு பேர் போடலாமா?" என்று பரிசோதகரைக் கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற டிரைவர் சொன்னார்: "நாலாம் பக்கம். ரெண்டு பேர் வரைக்கும் போடலாம்."

இரண்டு மாதமாக அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். எழுதி ரொம்ப நாளாகிவிட்ட பெயர், கொஞ்சம் கோணலாக வந்தது. டிரைவர் கிட்டே வந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். விரலை நீட்டி என் பெயரைத் தொட்டார், அப்புறம் தன் பெயரைத் தொட்டார்.

"ஒன்னு, ரெண்டு" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எண்ணிக்கை சரிங்க" என்றேன் நான். "போலாம்."